தோள் இல்லாத படம்

ஒரு கமெரா வாங்குவதற்கு மூன்று விலைமனுக்கள் வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் ஒரு வீட்டுக்காரனுக்குச் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திணைக்களம் ஒன்றின் கொள்வனவுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். முத்திரை குத்த மறந்த ஒரே குற்றத்துக்காக நல்ல நல்ல விலைமனுக்களைத் தள்ளி வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்கினாலும் ஒப்பீட்டுத் தாள் ஒன்று போடுவேன். என் மனைவி அதன் பின்பக்கத்தில் மரக்கறிப் பட்டியல் எழுதுவாள்.

படம் எடுக்க வேண்டும் என்று கேட்டது அவள்தான். வந்த வருத்தம் புற்றுநோய்தான் என்று வைத்தியர் பரிசோதனை முடிவைச் சொல்லி, ஐந்து வாரத்தில் கீமோ தொடங்கும், முடி கொட்டும், முகம் ஊதும் என்றெல்லாம் ஒழுங்கு முறையாக விளக்கினார். காலி நகர் வரை போகும் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் சொன்னாள்:

"அதுக்கு முன்னம் என்னை ஒரு படம் எடுக்கவேணும். கல்வெட்டுக்கு."

கல்வெட்டு என்பது எங்கள் ஆட்கள் இறந்தவரின் முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் புத்தகம். முதல் பக்கத்தில் படம், பிறகு தேவாரம், பிறகு இறந்தவருக்கே தெரியாத அவருடைய நற்குணங்கள். அந்த முதல் பக்கம் அவளுக்கு நீண்டகால மனக்குறை. அவளுடைய தாயின் கல்வெட்டுக்கு ஒழுங்கான படம் ஒன்றும் இருக்கவில்லை. யாரோ ஒருவரின் கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து தலையை வெட்டி எடுத்தார்கள். தாயின் காதுக்குக் கீழே, பக்கத்தில் நின்ற ஆளின் கோட்டுப் போட்ட தோள் அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தோள் யாருடையது என்று குடும்பத்தில் இன்றுவரை முடிவாகவில்லை. எங்கள் முன்னறையில் அந்தப் படம் மாலையோடு தொங்குகிறது. தாய்க்குப் பூ வைக்கும்போதெல்லாம் ஒரு அந்நிய ஆணுக்கும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது என்பாள்.

"என்ர படத்தில ஆரின்ர தோளும் நிக்கக் கூடாது," என்றாள் பஸ்ஸில்.

ஸ்ரூடியோவுக்குப் போகலாம் என்றேன். ஸ்ரூடியோக்காரன் படத்தில் எல்லாருக்கும் மா பூசி வெள்ளையாக்கி விடுகிறான், செத்த பிறகாவது தன் நிறத்தில் இருக்க வேண்டும் என்றாள். கைத்தொலைபேசியை எடுத்தேன். அவளே அதைக் கீழே இறக்கிவிட்டாள். தொலைபேசிப் படங்களில் அவள் எப்போதும் மோசம். கனடாவில் இருக்கும் மகளோடு வீடியோவில் கதைக்கும்போதுகூட அவளுடைய நெற்றியும் எங்கள் மின்விசிறியும்தான் மகளுக்குத் தெரியும்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நல்ல கமெரா ஒன்று வாங்கப் போவதாகச் சொல்லி வந்தவன், இப்போது வாங்குகிறேன், நானே எடுக்கிறேன் என்றேன். அவள் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரத்தில் ஒரு பாலத்துக்கே கேள்விப்பத்திரம் கோரி ரென்டர் திறக்கலாம் என்று அன்று இரவு நான் யோசித்ததும் ஞாபகம் இருக்கிறது.

நான் தெரிவு செய்தது தொழில்காரர் வாங்கும் ரகத்துக்கு ஒரு படி கீழே, வீட்டுக்காரர் வாங்கும் ரகத்துக்கு ஒரு படி மேலே. என் உத்தியோகத் தரமும் அதுவாகத்தான் இருந்தது. உள்ளே கண்ணாடி உள்ள எஸ்எல்ஆர் என்பதில் உறுதியாக இருந்தேன். இப்போது வருகிற கமெராக்களில் கண்ணாடி இல்லை. கண் வைக்கும் இடத்தில் சின்னத் திரை ஒன்றுதான் இருக்கிறது. கண்ணாடி உள்ளதில் எதிரே இருக்கும் ஆளின் வெளிச்சமே நேராக வந்து கண்ணில் விழும். ஆளைப் பார்த்து எடுக்க வேண்டும், ஆளின் படத்தைப் பார்த்து அல்ல என்று ஒரு கொள்கையும் வகுத்தேன். கொள்கை நன்றாகத்தான் இருந்தது. கடைகளில்தான் எஸ்எல்ஆர் இல்லை. இறக்குமதி நின்று, திரும்பத் தொடங்கி, அதற்குள் உலகமே அந்த ரகத்தைக் கைவிட்டிருந்தது. பழைய இருப்பு மூன்று கடைகளில் இருப்பதாக விசாரித்து அறிந்தேன். மூன்று என்றதும் எனக்கு உற்சாகம் வந்தது.

முதல் கடை கொள்ளுப்பிட்டியில். கேட்டவுடனே எழுதி, முத்திரை குத்தி, கையில் தந்தார்கள். இரண்டாவது கடை கோட்டைப் பக்கம். அதன் முதலாளி மாளிகாவத்தையைச் சேர்ந்த முஸ்லிம். கமெராக்களை மூட்டைப் பூச்சி நசுக்குவதுபோல் இரண்டு விரலால் இயக்குவார். அங்கே அவளையும் கூட்டிப் போனேன், படத்துக்கு உரியவள் அவள் என்பதால். நாங்கள் கேட்காமலே முதலாளி ஆலோசனை சொன்னார்: எண்பத்தைந்து மில்லிமீற்றர் வில்லை போடுங்கள், முகத்துக்கு அதைவிட வேறு இல்லை. கமெராவில் தன் சொந்த மெமரி கார்டைப் போட்டு, கடை வாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் அவளை ஒரு ஸ்ரூலில் இருத்தினார். இருத்திவிட்டு, கண்ணை வைத்தபடியே கேட்டார்:

"மேடம், சேர் இத எடுப்பாரா, இல்லாட்டி பாத்துட்டுப் போறவரா?"

"என்னைக் கலியாணம் கட்டேக்கையும் மூண்டு கோட்டேஷன் எடுத்தவர் தம்பி," என்றாள் அவள். "நான்தான் ஆகக் குறைஞ்ச விலை."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கமெரா ஒரு தரம் அடித்தது.

முதலாளி திரையைத் திருப்பிக் காட்டினார். "மேடம்ட மொகத்தப் பாருங்க சேர். பொறத்தால ஒண்டும் தெரியல்ல, மொகம் மட்டும்தான் ஈக்கி."

உண்மை. பின்னால் நின்ற முச்சக்கரவண்டிகளும் விளம்பரப் பலகையும் கரைந்துபோய், அவள் மட்டும் இருந்தாள். ஒரு பக்கப் பல் சற்றுத் தூக்கலாக, கண் பாதி மூடி, கழுத்துக்கருகே ஒரு முடிக்கற்றை பறந்தபடி. அவளும் குனிந்து பார்த்தாள். "பரவாயில்லை," என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் தன் படம் ஒன்றை அவள் பரவாயில்லை என்று சொன்னது அன்றுதான். நான் படத்தின் ஓரங்களில் கூர்மை குறைகிறதா என்று பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தை அப்போதே கேட்டிருக்கலாம். தொலைபேசிக்கு மாற்றித் தர ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் வாங்குவதென்று இன்னும் முடிவு செய்யாத கடையில் ஒரு சலுகை பெறுவது முறையல்ல. விலைமனுக் காலத்தில் விற்பனையாளரிடம் ஒரு நாட்குறிப்பேடுகூட வாங்கியதில்லை நான். இரண்டாவது விலைமனுவை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது கடை நுகேகொடையில். விலையை வாயால் சொன்னார், எழுதித் தரவில்லை. எழுத்தில் வேண்டும் என்றேன். "லியுமக் மொகட்டத, மஹத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டார், கடிதம் எதற்கு என்று உண்மையாகவே புரியாமல். அனுப்புவதாகச் சொன்னார். இரண்டு வாரம் காத்திருந்தேன். நினைவூட்டல் கடிதம் ஒன்று அனுப்பினேன். பிறகு இரண்டாவது நினைவூட்டல்.

"இரண்டு கடை காணாதோ?" என்று கேட்டாள்.

இரண்டு இருந்தால் அது தெரிவு, மூன்று இருந்தால்தான் ஒப்பீடு என்று விளக்கினேன்.

"நான் செத்தாப் பிறகு ரென்டர் திறப்பியள்," என்றாள், வெண்டிக்காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

அதைப் பகிடியாகவே எடுத்தேன். அவளும் பகிடியாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். ஐந்து வாரம் முடிந்தது. கீமோ தொடங்கியது. மூன்றாவது விலைமனு வரவேயில்லை. கடைசியில், ஒரு விலைமனு கிடைக்காதவிடத்து அதற்கான காரணத்தைப் பதிவு செய்து மேற்செல்லலாம் என்ற விலக்கு ஏற்பாட்டை எனக்கு நானே பிரயோகித்து, கோட்டைக் கடையில் கமெராவையும் வில்லையையும் வாங்கினேன். வாங்கிக்கொண்டு வந்த அன்று குளியலறையின் தண்ணீர் போகும் ஓட்டை முடியால் அடைத்திருந்தது. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு முதலில் அதைத்தான் எடுத்தேன்.

அவளிடம் உடனே கமெராவை நீட்டத் துணிவில்லை. கைநூலை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். கடற்கரை வீதியில் காகங்களையும் தண்டவாளத்தையும் எடுத்துப் பழகினேன். கண்ணில் கூர்மையைக் குவிப்பது எப்படி, தோலின் நிறம் பிறழாமல் இருக்கச் சாம்பல் நிற அட்டையை வைத்து அளப்பது எப்படி, எல்லாம் படித்தேன். ஒரு பெரிய கமெராவோடு கடலைப் பார்த்து நிற்கும் தமிழன் என்பதால் பொலிஸ்காரர் ஒருவர் வந்து அடையாள அட்டை கேட்டதும் நடந்தது. எந்த அனுமதி எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதை அவருக்குச் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தேன். அவர் களைத்துப்போய் விட்டுவிட்டார்.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு, ஒரு காலை, அவளே சொன்னாள், "வாங்கோ, எடுத்து முடிப்பம்." தலையில் துணி கட்டி, தனக்குப் பிடித்த கத்தரிப்பூச் சேலை உடுத்து, பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் திரைச்சீலையை நகர்த்தினேன், முக்காலியை உயர்த்தினேன், வெளிச்சத்தை அளந்தேன், திரும்ப அளந்தேன். சாம்பல் அட்டையை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள்.

"இப்பிடித்தானே அண்டைக்கும் எடுத்தவங்கள்," என்றாள்.

யுத்தகாலத்தில் வெள்ளவத்தைத் தமிழரைப் பதிவுக்கென்று வரிசையில் நிறுத்தி, பெயர் எழுதிய தாளைப் பிடிக்கவைத்து எடுத்தார்கள். நாங்கள் இருவரும் அந்த வரிசையில் நின்றிருக்கிறோம். நான் அட்டையை வாங்கிக் கீழே வைத்தேன். ஆனால் அதற்குள் நாற்பது நிமிடம் போயிருந்தது. இருக்க முடியாமல் அவள் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எடுத்தேன். ஒரு பிழை இல்லாத படம். கண் இமையில் மிஞ்சியிருந்த நாலைந்து மயிரையும் எண்ணலாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை நீண்ட நேரம் பார்த்தாள்.

"நல்ல கமெராதான். வருத்தம் வடிவாத் தெரியுது," என்றாள். "அழியுங்கோ."

அழிக்கவா என்று கமெராவும் ஒரு தரம் கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆகவே ஏமாற்ற இடமில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, படுத்திருந்தபடி கேட்டாள், "அந்தக் கடைக்காரத் தம்பி எடுத்தாரே, அது எங்க?"

அடுத்த நாளே கோட்டைக்குப் போனேன். முதலாளிக்கு அவளை நன்றாக ஞாபகம் இருந்தது. குறைந்த விலைக் கதையைத் தன் வீட்டிலும் சொன்னாராம். படத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. காட்டுவதற்காக எடுக்கும் படங்களை ஒவ்வொரு வெள்ளியும், ஜும்ஆத் தொழுகைக்குக் கடையைப் பூட்ட முன்னர், கார்டிலிருந்து அழித்துவிடுவது அவருடைய வழக்கம். வாடிக்கையாளரின் முகம் கடையில் கிடக்கக் கூடாது என்பது அவருடைய முறை. நல்ல முறை. நான் அவருடைய இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் அவர் விடவில்லை. அழிந்ததைத் தோண்டி எடுக்கும் மென்பொருளைக் கணினியில் ஓடவிட்டு, வியாபாரத்தை விட்டு என்னோடு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தார். அதே ஸ்ரூலில், அதே வெளிச்சத்தில், ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு கன்னியாஸ்திரி, ஒரு மாப்பிள்ளை, பாதி முகத்தோடு ஒரு குழந்தை, பிறகு வெறும் பச்சைக் கோடுகள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், "கிடைச்சதோ?"

"கடை பூட்டு," என்றேன்.

"வெள்ளிக்கிழமையில பூட்டியிருப்பாங்கள்தான்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். அன்று செவ்வாய்க்கிழமை.

பிறகு அவள் படத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. நான் கமெராவை எடுக்கவும் இல்லை. ஏழு மாதத்தில் போய்விட்டாள். மரணப் பதிவு, கிராம சேவகர், மயானத்துக்கு அனுமதி, எல்லாவற்றையும் அரை நாளில் முடித்தேன். எங்கே எந்தப் பத்திரம், யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. உதவிக்கு வந்தவர்கள் வியந்தார்கள்.

கல்வெட்டுக்குப் படம் வேண்டியிருந்தது. மகள் தன்னிடம் இருந்ததையெல்லாம் அனுப்பினாள்: நெற்றியும் மின்விசிறியும். கடைசியில் என் மருமகன்முறைப் பையன் ஒருவனுடைய கல்யாணக் கூட்டப் படம் ஒன்றுதான் தேறியது. அதில் அவள் நேராகப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை, ஆனால் அவள்தான். பக்கத்தில் நான், கோட்டோடு.

கல்வெட்டு அச்சடிக்கும் இடம் கொட்டாஞ்சேனையில். அதோடு சேர்ந்த ஸ்ரூடியோவில் படத்தைக் கொடுத்து, யாரை வெட்டி எடுக்க வேண்டும் என்று விரலால் காட்டிவிட்டு, அச்சுப் படியைத் திருத்த அடுத்த அறைக்குப் போனேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்கள். கணினித் திரை முழுவதும் அவள் இருந்தாள். பின்னால் சாம்பல் நிறம். காதுக்குக் கீழே சேலைக் கரை ஒழுங்காக இறங்கியது.

"பக்கத்துல யாரோ ஒருத்தரோட தோள் இருந்துச்சுங்க ஐயா," என்றார் ஸ்ரூடியோக்காரர். "அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டேன். அந்த எடத்துக்கு அவங்க சேலையையே இழுத்து விட்டிருக்கேன், பாருங்க, தெரியுதா?"

பெருக்கிப் பார்த்தேன். ஓரங்களைப் பார்த்தேன். தெரியவில்லை. அவள் கேட்டதுபோலவே இருந்தது.

"மா மட்டும் பூச வேண்டாம்," என்று சொல்லி, அச்சுக்குப் போகலாம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.