ஷம்ஷாத் நடத்திய செஸ் போட்டி

ஷம்ஷாத் செஸ் கற்றுக்கொண்டபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. கொரோனாவில் பனியன் கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்த மாதங்களில், மகன் தமீம் போனில் ஆடுவதை எட்டிப் பார்க்கப் போய், அவனைவிட அவளுக்கே அது பிடித்துப் போயிற்று. கம்பெனி திறந்த பிறகும் விடவில்லை. வாரம் முழுக்க செக்கிங் மேஜையில் நின்றபடி துணியில் ஓட்டை, கறை, தையல் பிசகு பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டு மாடியில் தகரக் கூரைக்கடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து ஆட்டம் சொல்லிக்கொடுப்பாள். அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போய்விட, பூட்டிய வீட்டுக்குள் டிவியோடு கிடந்த பிள்ளைகள் அவர்கள்.

அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் எப்படி வளர்வார்கள் என்ற எண்ணம்தான் அவளைப் போட்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, யார் வேண்டுமானாலும் வரலாம். விதிமுறை தெரிந்த ராஜவேல் என்ற பி.டி. மாஸ்டரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். ஆடி மாதம் கல்யாணம் எதுவும் இல்லாததால் தாராபுரம் ரோட்டில் ஒரு மண்டபம் கிடைத்தது. பெரிய பள்ளிக்கூடங்களிலிருந்து காரில் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். அவள் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம்.

அன்றைக்குப் பார்த்து அவளுடைய கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். ஷம்ஷாத் எப்படியோ லீவு வாங்கிவிட்டாள். பக்கத்து மேஜை நதியாவுக்குக் கிடைக்கவில்லை. நதியா தென்காசிப் பக்கத்துக்காரி. புருஷன் ஊரிலேயே நின்றுவிட, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் பேச்சிப்பிரியாவோடு தனியாக இருக்கிறவள்.

"நீங்க இருக்கீங்கள்லக்கா, எனக்கென்ன கவல" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். போட்டிப் படிவத்தில் பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஷம்ஷாத்தே போட்டாள்.

மாடி வகுப்பில் பேச்சிப்பிரியா அதிகம் பேசாத பிள்ளை. தோற்றால் அழமாட்டாள், உதட்டை மடித்துக் கடித்துக்கொள்வாள். முதல் இரண்டு ரவுண்டிலும் ஜெயித்துவிட்டு மூன்றாவதில் எட்டாம் போர்டில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பெரிய பள்ளிக்கூடத்துப் பையன். திடீரென்று அவன் கையைத் தூக்கினான். ஷம்ஷாத் போவதற்குள், பெற்றோரை நிறுத்தக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் நின்ற அவன் அப்பா ஈஸ்வரமூர்த்தி பேச ஆரம்பித்துவிட்டார்.

"ராணியத் தொட்டுப்போட்டு இப்ப குதிரைய எடுக்குதுங்க மேடம். உங்க கிளாஸ் புள்ளைங்கறதுக்காக உட்டுருவீங்களா?"

"தொடல மிஸ்" என்றாள் பேச்சிப்பிரியா.

ஷம்ஷாத் பார்க்கவில்லை. அந்த நேரம் அவள் வேறொரு போர்டில் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஆனால் கயிற்றோரம் நின்ற பெற்றோர் அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். தன் வகுப்புப் பிள்ளைக்குச் சாதகம் செய்தாள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் போட்டியே கெட்டுவிடும் என்று நினைத்தாள்.

"தொட்ட காயத்தான் நகர்த்தோணும் கண்ணு."

ராணி போயிற்று. கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் போயிற்று. பேச்சிப்பிரியா கற்றுக்கொடுத்தபடியே கைகுலுக்கிவிட்டு எழுந்ததை ஷம்ஷாத் தூரத்திலிருந்து பார்த்தாள். பக்கத்தில் போக நேரமில்லை.

நான்காவது ரவுண்டில் பேச்சிப்பிரியாவின் நாற்காலி காலியாக இருந்தது. பாத்ரூமில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. மேடைக்குப் பின்னால், அண்டாக்கள் அடுக்கியிருந்த அறையில், மாடிப்படிக்குக் கீழே, எங்கேயும் இல்லை. வாசலோரம் பேப்பர் கப் போடுகிற டிரம்மில் பேச்சிப்பிரியாவின் பெயர் அட்டை கிடந்தது. அட்டையின் கீழே ஷம்ஷாத்தின் போன் நம்பர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் ராஜவேலிடம் ஓடினாள்.

ராஜவேல் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மைக்ல சொல்லீராதீங்க மேடம். சொன்னா எல்லாரும் புள்ளைகளக் கூட்டிட்டுக் கெளம்பிருவாங்க. இங்கதான் பக்கத்துல இருக்கும், பாத்துரலாம்."

ஷம்ஷாத் சரியென்றாள். அந்தச் சரியை நினைத்துத்தான் பின்னால் அவளுக்கு உடம்பு கூசியது. உள்ளே ரவுண்டு நடந்துகொண்டிருக்க, வெளியே அவள் ரோட்டின் இரண்டு பக்கமும் ஓடினாள். தண்ணி லாரிகளும் துணி ஏற்றிய டெம்போக்களும் சீறிக்கொண்டு போயின. பஞ்சர் கடைக்காரரைக் கேட்டாள், இளநீர்க்காரரைக் கேட்டாள். யாரும் கவனிக்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையைக் குனிந்து பார்த்தாள். சாயம் கலந்த தண்ணீர் அடி தெரியாமல் கறுத்துக் கிடந்தது. "யா அல்லா, இதுல மட்டும் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒரு குச்சியை எடுத்து ஆழம் பார்த்தாள். பிறகு குச்சியைப் போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடிவந்து ராஜவேல் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"பேச்சிப்பிரியான்னு ஒரு புள்ளையக் காணோங்க. மூணாவது படிக்குது. மஞ்சச் சுடிதார் போட்டிருக்குது. யாராச்சும் பாத்தீங்களா?"

அடுத்த நிமிடம் நாற்காலிகள் சரிந்தன, காய்கள் தரையில் உருண்டன, அவரவர் தங்கள் பிள்ளையைத் தேடி வாரி எடுத்துக்கொண்டார்கள். "ஒத்தப் புள்ளையப் பாத்துக்கத் தெரியாதவங்களுக்குப் போட்டி எதுக்குங்க?" என்று ஒரு பெண் முகத்துக்கு நேராகக் கேட்டாள். சில ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினார்கள். முதலில் கிளம்பியவர் ஈஸ்வரமூர்த்திதான்.

ராஜவேல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். ஷம்ஷாத் நதியாவின் போனுக்கு அடித்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டில் செக்யூரிட்டியிடம் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நேரில் போய்ச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது, வழியில் மஞ்சள் உடுப்பில் வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பிரேக் பிடித்தாள்.

கேட்டில் சொல்லி அனுப்பியதும் நதியா மூக்கு மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. சிரித்தபடியே கேட்டாள்.

"என்னக்கா, பரிசு வாங்கிட்டாளா?"

ஷம்ஷாத் சொன்னாள். எந்தச் சொல்லில் ஆரம்பித்தாள், எதில் முடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னக்கா சொல்லுதீங்க" என்றாள் நதியா. மறுபடியும் அதையே சொன்னாள். பிறகு செக்யூரிட்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெட்டியிலிருந்து போனை எடுத்தாள். ஷம்ஷாத் அடித்ததோடு, தெரியாத நம்பரிலிருந்தும் வரிசையாக அழைப்புகள் வந்திருந்தன. திருப்பி அடித்தபோது ஒரு வயதான பெண்குரல் கேட்டது.

"பேச்சிப்பிரியாவோட அம்மாங்களா? எத்தன வாட்டிதானுங்க கூப்புடறது? புள்ள இங்க அவிநாசிபாளையத்துல எங்க கடைல உக்காந்திருக்குது சாமி."

நதியா அப்படியே கேட்டோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்கூட்டியில் போகும்போது நதியா வழக்கம்போல ஷம்ஷாத்தின் தோளைப் பிடிக்கவில்லை. பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். திட்டினால் தேவலை என்று ஷம்ஷாத்துக்கு இருந்தது.

மாரக்காள் என்ற அந்த அம்மாளுடையது பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடை. "டவுன் பஸ்ஸுல தனியா வந்துருக்குதுங்க. கண்டக்டர் கேட்டதுக்கு யாரோ ஒரு பொம்பளையக் கை காட்டிருக்குது. அந்தப் பொம்பள எறங்கிப் போயிருச்சு, இது எறங்கல. அப்பறந்தான் கண்டக்டர் எங்க கடைல உட்டுட்டுப் போனாருங்க. பேரும் நம்பரும் மட்டுந்தான் சொன்னுது. வேற பேச்சே இல்ல."

நதியா மகளை முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள்.

"வீட்டுக்குத்தாம்மா போனேன். அதே நம்பர் பஸ்ஸுதான்" என்றாள் பேச்சிப்பிரியா. நம்பர் சரிதான், ரோட்டின் எந்தப் பக்கம் நின்று ஏற வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஷம்ஷாத் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "கண்ணு, மிஸ் மேல கோவமா?"

"நான் தொட்டதப் பாத்தீங்களா மிஸ்?"

"இல்ல கண்ணு. நான் பாக்கல."

"பாக்காமலே எதுக்குத் தொட்டேன்னு சொன்னீங்க?"

மாரக்காள் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாயும் மகளும் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். வண்டியில் வரச் சொல்லி ஷம்ஷாத் கூப்பிட்டதற்கு நதியா தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள்.

போட்டி அதோடு நின்றது. மீதி ரவுண்டு எப்போது என்று கேட்டும், கண்டபடி ஏசியும் இரண்டு நாள் போன் வந்துகொண்டிருந்தது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஷம்ஷாத் ஒரே ஒரு செய்தி போட்டாள். எட்டாம் போர்டில் நடந்ததைத் தான் கண்ணால் பார்க்கவில்லை, பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது தன் தவறு என்று. சிலர் குழுவை விட்டு வெளியேறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு நான்கைந்து பிள்ளைகள்தான் வந்தார்கள். பேச்சிப்பிரியா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இப்போது அவளை நதியா யார் வீட்டிலும் விடுவதில்லை, கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிந்தது.

கம்பெனியில் இருவருக்கும் அதே இடம், பக்கத்துப் பக்கத்து மேஜை. நதியா குனிந்த தலை நிமிராமல் துணியைப் புரட்டுவாள். டீ நேரத்தில் வேறு பக்கம் போய் உட்காருவாள். ஆவணி பிறந்த பிறகு ஒருநாள், நூல் வெட்டுகிற ட்ரிம்மர் ஷம்ஷாத்தின் பக்கம் கிடந்தது.

"அத இங்கிட்டுத் தள்ளுங்கக்கா" என்றாள் நதியா, முகத்தைப் பார்க்காமல்.

ஷம்ஷாத் தள்ளிவிட்டாள். வேறு ஏதாவது சொல்வாளோ என்று காத்து நின்றாள். நதியா பிசிறு நூலை வெட்டிவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள்.