நான் அவளுக்குப் போட்ட வட்டம்

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஆளுக்கும் வட்டம் உண்டு. ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனி. உள்ளே நுழைந்ததும் சுவரில் பெரிய சார்ட் தொங்கும். இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள், ஒவ்வொரு கட்டத்திலும் நான்காய்ப் பிரித்த ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பென்றால் அந்த ஆள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அரை வட்டம் என்றால் ஒருவர் துணைக்கு நிற்க வேண்டும். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழு வட்டமும் கறுத்தவர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். வட்டம் காலியாக இருந்தால் அந்த ஆளை அந்த இடத்தில் நிறுத்தவே கூடாது. லைன் நின்றாலும் சரி, மேனேஜரே வந்து கெஞ்சினாலும் சரி. அந்த வட்டங்களுக்கு மை அடிக்கிற டிரெய்னர் நான்.

எனக்கு அங்கே நல்ல பெயர் கிடையாது. நான் கத்துவேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் கேன்டீனில் என்னைப் பார்த்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போவார்கள். போகட்டும். தேனொழுகப் பேசுகிற டிரெய்னர்களின் ஆட்கள் போட்ட ஸ்க்ரூ ஆடும், என் ஆட்கள் போட்டது ஆடாது. இந்தத் திமிரோடுதான் எட்டு வருஷம் ஓட்டினேன்.

அவள் தூத்துக்குடிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டல் வாசம். ஷேர் ஆட்டோவில் பழக்கமாகி இரண்டு வருஷம். மண்ணூரில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டும் போயிருக்கிறாள். நவம்பர் கடைசியில் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி சொன்னாள்.

"கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போறேன். வீட்ல மாப்பிள்ள பாக்காவ. ஒங்களப் பத்தி அப்பாட்ட சொன்னா பெரிய சண்ட வரும். வேதக்காரப் புள்ள இந்துப் பையனக் கட்டுறதான்னு குதிப்பாவ. அந்தச் சண்டையப் போடலாமா வேண்டாமான்னு அதுக்குள்ள முடிவு பண்ணிருதேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு வருஷம் பழகியாயிற்று, இன்னும் என்ன முடிவு பண்ண வேண்டிக் கிடக்கிறது? ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அவள் ஊருக்குப் போவதற்கு முன் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அதற்குள் என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது ஒன்றை அவளுக்குக் காட்டிவிட வேண்டும். யோசித்துப் பார்த்தால் காட்ட அதிகம் இல்லை. இனிக்க இனிக்கப் பேச வராது. ஆளும் சுமார்தான். நான் உண்மையிலேயே கெட்டிக்காரன் என்றால் அது வீடியோ கேமில் மட்டும்தான்.

பஜாரில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் கேம் சென்டர் இருந்தது. நான் படியேறினால் காலேஜ் பையன்கள் தானாக எழுந்து இடம் விடுவார்கள். இந்த உலகத்தில் என்னைப் பார்த்துப் பயமில்லாமல் எழுந்து நிற்கிறவர்கள் அவர்கள்தான். அதை அவள் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது.

நான் தேர்ந்தெடுத்தது இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற கேம். திரை நடுவில் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவள். இரண்டு பேரும் ஒரே பக்கத்துச் சிப்பாய்கள். ஒருவர் குண்டடி பட்டு விழுந்தால் மற்றவர் பக்கத்தில் போய் ஒரு பட்டனை அமுக்கித் தூக்கிவிடலாம். அரை நிமிஷத்துக்குள் யாரும் வரவில்லையென்றால் விழுந்தவர் கதை முடிந்தது. மற்றவர் தனியாக ஆட்டத்தைத் தொடரலாம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு கேட், ஒருவர் போய்த் தொட்டாலும் போதும்.

முதல் ஞாயிறு அவளுக்கு ஜாய்ஸ்டிக்கையே கொடுக்கவில்லை.

"மொத நாளு பாக்கறதோட சரி," என்றேன்.

சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து அவள் பெயரை எழுதி, நான்கு வட்டம் போட்டேன். சுடுதல், ஓடுதல், ஒளிதல், தூக்கிவிடுதல். எங்கள் கம்பெனி முறையை விளக்கினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"எனக்கும் வட்டமா? சரி, கடைசி வரைக்கும் காலியாவே இருந்தா?"

"அந்த எடத்துல நிக்கக் கூடாது. அவ்ளோதான். அதுல மட்டும் யாருக்கும் சலுகை கெடையாது."

இரண்டாவது ஞாயிறு ஜாய்ஸ்டிக் கொடுத்தேன். அவள் சிப்பாய் வானத்தைப் பார்த்துக்கொண்டு சுவரில் முட்டினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா பண்ற நீ? ரைட்டு! சோறு துன்ற கை! எத்தினி வாட்டி சொல்லிகினே கீறேன், காதுல இன்னா கீது உனக்கு?"

பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. கடைக்காரர்கூட, "தம்பி, கீழ கடைல கஸ்டமர் கீறாங்க," என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அவருக்கும் ஒன்று கொடுத்தேன்.

"என்னத்துக்கு இப்படிக் கத்துதீய? எங்க லைன்ல யாரும் இப்படிச் சொல்லித்தர மாட்டாவ," என்றாள் அவள்.

"அதான் உங்க சார்ஜரு ஒரே மாசத்துல பூடுது."

அவள் திரையைப் பார்த்து ஆடினாள்.

மூன்றாவது வாரம் நிஜமாகவே தேறிவிட்டாள். நாள் முழுக்கக் கடுகளவு ஸ்க்ரூவைப் பொருத்துகிற விரல்கள், பட்டனெல்லாம் அவற்றுக்கு எம்மாத்திரம்? எனக்கு அது சந்தோஷத்தைத் தந்திருக்க வேண்டும். வயிற்றெரிச்சல்தான் வந்தது. சுடுவதில் முக்கால் வட்டம், ஓடுவதில் முக்கால், ஒளிவதில் அரை அடித்தேன். தூக்கிவிடுதல் மட்டும் முழுதாகக் கறுத்துவிட்டது. அதை நான் கற்றுக்கொடுக்கவே இல்லை. நான் விழுந்தால் போதும், எதிரி, குண்டு எதையும் பார்க்காமல் ஓடி வந்துவிடுவாள். அதனால் மூன்று முறை தோற்றோம்.

"நான் வுழுந்தா வுட்டுட்டுப் போ! கேட்டாண்ட போயி ஆட்டத்த முடி!"

"நீங்க விழுந்து கெடக்கீய, நான் எப்படிப் போவ?"

"அது பொம்ம! நான் இங்க குந்திகினு கீறேன்!"

நான்காவது ஞாயிறு கடைசிக் கட்டம் வரை வந்தோம். அதை நான் அதற்கு முன் தாண்டியதே இல்லை. ஒரு பெரிய இரும்புக் கேட், அதைத் தொட்டுவிட்டால் முடிந்தது. பாதி வழியில் இரண்டு முறை விழுந்தேன், இரண்டு முறையும் வந்து தூக்கிவிட்டாள். கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது அவள் விழுந்தாள். திரையில் அவள் பக்கம் சிவந்தது. அவள் சிப்பாய் தரையில் தவழ்ந்தான்.

"விழுந்துட்டேன். வாரீயளா?" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இரு, இரு."

நான் கேட்டைப் பார்த்து ஓடினேன்.

"நேரம் போவுது. வாரீயளா?"

"இருன்றேன்ல! சும்மா நொய்நொய்னு!"

தொட்டேன். ஜெயித்தேன். எழுந்து நின்று கூப்பாடு போட்டேன், பையன்கள் விசிலடித்தார்கள். என் பக்கத்துத் திரையில் வாணவேடிக்கை. அவள் பக்கம் வெளிறிப்போய் அப்படியே நின்றிருந்தது. அவள் ஜாய்ஸ்டிக்கை மேசையில் வைத்தாள். என் சட்டைப் பையிலிருந்த நோட்டையும் பேனாவையும் எடுத்து ஏதோ செய்துவிட்டுத் திருப்பி வைத்தாள். ஜெயித்த குஷியில் தன் வட்டத்துக்குத் தானே மை அடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஆட்டோ ஏற்றிவிடும் வரை நான்தான் பேசிக்கொண்டே வந்தேன், முழுக்க அந்தக் கேட்டைப் பற்றி.

மறுநாள் ஷிஃப்டில் நோட்டைத் திறந்தேன். அவள் பெயருக்குக் கீழே என் பெயர். அதே நான்கு வட்டங்கள். சுடுதல், ஓடுதல், ஒளிதல் மூன்றும் கோட்டுக்கு வெளியே போகாமல் நேர்த்தியாகக் கறுத்திருந்தன. நான்காவது காலி.

கோபம் தலைக்கேறியது. எனக்கு மை அடிக்க இவள் யார்? லைனில் அன்று யார் கிடைத்தாலும் கடித்துக் குதறினேன். வேலை முடிந்து போன் செய்தேன், எடுக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டாள். கிறிஸ்மஸ் வந்தது, போனது. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். கிறிஸ்மஸ் முடிந்து மூன்றாம் நாள் எடுத்தாள்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்?"

"சண்ட போட்டு நான் விழுந்தா நீங்க வரமாட்டீய."

"ஒரு கேமுக்காவா? ஒரு பொம்மைக்காவா இவ்ளோ?"

"கேமுன்னுதான் சொல்லுதேன். ஒரு பட்டன அமுக்குனாப் போதும். அதுக்கே நீங்க வரல."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை, நல்ல வார்த்தை ஒன்றும் இருந்திருக்காது. கத்தி முடித்தபோது எதிர்முனையில் அவள் இல்லை.