அண்ணியின் வார்த்தை நோட்டு

எங்கள் அண்ணி பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர். தினம் ஒரு கடினமான இங்கிலீஷ் வார்த்தையை அர்த்தத்தோடு நோட்டில் எழுதி, அன்றைக்கே யார் தலையிலாவது கட்டிவிடுவார். அண்ணன் இதற்குப் பயந்தே சீக்கிரம் வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

ஒருநாள் கன்னம் வீங்கி வந்த பெரியவரிடம், "வலி எக்ஸ்குரூஷியேட்டிங்கா இருக்கா ஐயா?" என்று கேட்டிருக்கிறார். தாங்க முடியாத வலியா என்று அர்த்தம். பெரியவர் அரண்டுபோய், "அதெல்லாம் வேண்டாம்மா, சாதாரணமாப் புடுங்கினாப் போதும்" என்றாராம்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வேறு யாராவது சிரித்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். "சிரிங்க, சிரிங்க. படிச்சது ஒருநாள் உதவும்" என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன வாரம் அவருக்கே கடைவாய்ப் பல்லில் வலி. நான் துணைக்குப் போயிருந்தேன். "எப்படி வலிக்குது?" என்று டாக்டர் கேட்டார். ஆறு வருஷமாகச் சேர்த்த இரண்டாயிரம் வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "அய்யோ அம்மா!" என்று அலறினார் அண்ணி.

மறுநாள் நோட்டை எட்டிப் பார்த்தேன். எக்ஸ்குரூஷியேட்டிங்குக்கு நேரே இருந்த அர்த்தத்தை அடித்துவிட்டு, "அய்யோ அம்மா" என்று திருத்தியிருந்தார்.