பெயர் வாசித்த ஊர்

இன்று காலை பிரான்சிலிருந்து மகள் பேசினாள். "அப்பா, நாங்கள் இருந்த அந்தச் சின்ன ஊரைப் பக்கத்து ஊரோடை சேர்த்துப்போட்டினம். இப்ப அந்தப் பேரே இல்லை." பூசைக்குப் பறித்த செவ்வரத்தம்பூக்களை ஏந்தியபடி, சொந்த ஊரான கொக்குவிலில், வீட்டு முற்றத்தில் நின்று கேட்டேன்.

ஒரு தேவாலயம், ஒரு பாண் கடை, சுற்றிலும் அப்பிள் தோட்டங்கள், நடுச்சந்தியில் ஒரு கல். அவ்வளவே அந்த ஊர். தோட்ட வேலைக்கு நான் சேர்ந்த வருடம், கார்த்திகைக் குளிரில், மேயர் அந்தக் கல்லின் முன் நின்று பெயர் பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ஒருமித்து ஏதோ சொல்லிற்று. என் பிரெஞ்சு அப்போது பாண் வாங்க மட்டுமே போதும். கோயிலில் பெயர் சொல்லித் தொழுது வளர்ந்தவன் வேறென்ன நினைப்பான்? அர்ச்சனை என்றே எண்ணினேன். அவர்கள் அனைவரும் நீடு வாழக் கைகூப்பி வேண்டினேன். அயல்வீட்டு மூதாட்டியிடம், "எல்லோரும் சுகமா?" என்று கேட்டும் விட்டேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கல்லில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். அவருடைய பெரியப்பா, போருக்குப் போனவர், உடல் கிடைக்கவேயில்லை. ஆயினும் ஆண்டுக்கொருமுறை அவர் பெயரை வாசிக்க, 'இறந்தார்' என்று ஊரே மறுமொழி சொல்கிறது.

எனக்கும் ஒரு தம்பி இருந்தான், இருக்கிறான். எந்தக் காலத்தில் எழுதுவதென்று இன்றும் தெளிவில்லை. போர்க்காலத்தில் ஒருநாள் சைக்கிளில் யாழ்ப்பாணம் போனவன் திரும்பவில்லை. நான் ஊர் திரும்பியதும், அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லி, இறந்தவர்க்குச் செய்யும் அந்தியேட்டியை அவனுக்கும் செய்துவிடுவோமா என்று அவன் மனைவியான மச்சாளிடம் மெல்லக் கேட்டேன்.

"அத்தான், உங்கடை பிரான்சுக்காரர் கல்லிலை பேரை வெட்டி முடிச்சுப்போடுவினம். நான் வெள்ளிக்கு வெள்ளி அவரின்ரை பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விக்கிறன். செத்தவைக்கு ஆரும் அர்ச்சனை செய்யிறவையோ?"

அவளோடு ஒருநாளும் கோயிலுக்குப் போகவில்லை. அந்த நம்பிக்கையை அருகில் நின்று கேட்கும் துணிவு எனக்கில்லை.

அண்மையில் மச்சாள் காலமானாள். துடக்குக் கழிந்து, போன வெள்ளிக்கிழமை, அர்ச்சனைத் தட்டோடு நானே பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். தம்பியின் பெயரைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

சாதகம் இடம்பெயர்வில் தொலைந்தது. அம்மா முன்னமே போய்விட்டார். அறிந்திருந்தவள் மச்சாள் ஒருத்தியே.

பின்னால் நின்ற பெண் பொறுமையிழந்தாள். "ஐயா, தெரியாட்டி சுவாமி பேரிலை செய்விக்கலாந்தானே, சனம் நிக்குது!"

ஐயர் என்னைப் பார்த்தார். "ஓம்" என்றேன். தம்பியின் பெயர் இல்லாமலே அர்ச்சனை நடந்தேறியது.