நாய்க்காக வந்த பொலிஸ்

புகலிடம் கேட்டு வந்த நாட்டில் அகதி வழக்கு முடியாமல் கிடந்த வருடங்களில், சென்ட் லோரன்ட் என்ற இடத்தில் ஒரு மிருக வைத்தியசாலையில் தரை துடைத்தேன். ஒரு நாள் காலை, தெருவில் கிடந்த பெட்டை நாயொன்றை ஒரு பெண் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார். பரிசோதித்த டொக்டர் அம்மா கையுறையைக் கழற்றாமலே வெளியே வந்து நின்றார். இது கார் மோதிய காயமல்ல, யாரோ ஒருவன் பாலியல் வன்முறை செய்திருக்கிறான் என்றார். உடனே பொலிசுக்கு போன் அடித்தார்.

ஊரில் பொலிஸ் வந்தால் ஒளிப்பதுதான் எங்கள் பழக்கம். என்னைத்தான் பிடிக்க வருகிறார்கள் என்று மொப்புத் தடியோடு சாமான் அறைக்குள் புகுந்துவிட்டேன். கதவிடுக்கால் பார்த்தபோது, தொப்பியைக் கழற்றிய ஒரு பொலிஸ்காரர் நாயின் முன் முழந்தாளிட்டு, ஒவ்வொரு காயத்தையும் எழுதிக்கொண்டிருந்தார். வாயில்லாத சீவனின் உடம்பு சொன்னதை அவர் அப்படியே நம்பினார். நான் மொப்புத் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னதும், என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த அண்ணை சிரித்தார்.

"நாய்க்கும் கேஸோ? உனக்கென்ன விசரே?"

"சிரியாதேங்கோ அண்ணை! வெக்கக்கேடு நாய்க்கில்லை, செய்த மனுசனுக்கு!" என்று கத்திவிட்டேன்.

வைத்தியசாலையிலேயே வைத்துப் பார்த்த, ஆண்களின் சப்பாத்துச் சத்தத்துக்கே நடுங்கிய அந்த நாய், ஒரு கிழமைக்குப் பிறகு, தானாக வந்து என் ஈரச் சப்பாத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. மனிதன் அவ்வளவு செய்தபிறகும். அன்று மத்தியானம்வரை நான் காலை அசைக்கவில்லை. தரை ஏன் துடைக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவுமில்லை.