லிஃப்ட் பழுது என்று சொல்லச் சொன்னார்கள்

"...அந்த இடத்தில லிஃப்ட் பழுது எண்டு நான் சொல்லவேணுமாம், அண்ணை. பழுதெண்டா அதில சிரிக்க என்ன இருக்கு?"

நபீல் கெய்ரோக்காரன். எங்களுக்குள் ஆங்கிலம்தான். ஆனால் அவன் பேச்சு எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே நினைவிருக்கிறது. 'அண்ணை' மட்டும் அவன் வாயால் வந்தது. நான் பழக்கியது.

தொண்ணூறுகளில், நாங்கள் இருவரும் பிழைக்க வந்த ஒடாஹுஹு என்ற ஊரில், ஒரு பழைய தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டினேன். இப்போதைய பிள்ளைகள் ரீலைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை எகிப்தியச் சங்கம் படம் போட்டது. பிரிண்டில் சப்டைட்டில் இல்லை. நபீல் என் பக்கத்தில் மைக்கோடு நின்று அரபு வசனங்களை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சங்கத் தலைவர் ஒரு டொக்டர். அவருடைய கிளினிக்கைக் கூட்டித் துடைப்பவன் நபீல். அதன் பின்னாலிருந்த இரண்டு அறைகளில்தான் மனைவி பிள்ளைகளோடு குடியிருந்தான். வேலையும் கூரையும் அவர் கொடுத்தவை.

படத்தில் ஒரு பணக்கார மாடிக் கட்டிடம். காவல்காரன் மொட்டைமாடிக் கொட்டிலில் செத்துப்போகிறான். அன்றைக்குக் கீழே கல்யாணம். வேலைக்காரர் லிஃப்டில் ஏறக்கூடாது என்பது கட்டிடத்துச் சட்டம். செத்தவனுக்கு விலக்குக் கொடுக்கலாமா என்று குடியிருப்போர் பலகாரம் தின்றுகொண்டே விவாதிக்கிறார்கள். கடைசியில் கம்பளத்தில் சுருட்டிப் பின்படியால் இறக்குகிறார்கள். கல்யாணப் பரிசு வருகிறதென்று விருந்தாளிகள் கைதட்டுகிறார்கள்.

வெள்ளைக்காரர் முன்னால் ஊர் மானம் போய்விடும் என்பது டொக்டரின் கவலை. அதனால்தான் லிஃப்ட் பழுது என்று மாற்றிச் சொல்லச் சொன்னார். நபீலின் தகப்பனும் அப்படியொரு காவல்காரன்தான். அது அவருக்குத் தெரியாது.

"பேசாமல் சொல்லிப்போட்டுப் போ ராசா, பிள்ளையள் இருக்கு," என்றேன்.

நாலாவது ரீலில் அந்தக் காட்சி வந்தது. லிஃப்ட் பழுது என்றான் நபீல். அரபு தெரிந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். மற்றவர்கள் ஒன்றும் விளங்காமல் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நபீல் மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தான். "மன்னிக்கவேணும். லிஃப்ட் நல்லா வேலை செய்யுது. வேலைக்காரன் அதில ஏறக்கூடாது, செத்தாலும்."

பின்வரிசையில் ஒருத்தி சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திக்கொண்டாள். முன்வரிசையில் டொக்டர் எழுந்து நின்று எங்கள் புரொஜெக்டர் அறையின் சின்ன ஜன்னலையே பார்த்தார்.

நபீல் அவரைப் பார்க்கவில்லை. படம் முடியும்வரை ஒரு வசனத்தையும் விடாமல், அதே குரலில் சொன்னான். பிறகு மைக்கை அணைத்தான், வயரைச் சுற்றி வைத்தான், சாமான் ஏற்ற என் வேன் நாளைக்குச் சும்மா நிற்குமா என்று கேட்டான்.