பன்றிக்கு எய்த ஒற்றை அம்பு

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், காட்டோரமாக இருந்த பழைய விடுதி ஒன்றில் எங்களை வைத்திருந்தார்கள். நானும் என் கணவரும் மன்னாரிலிருந்து வந்தவர்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்யவும் ஏலாது, மாவட்ட எல்லையைத் தாண்டவும் ஏலாது. வந்த புதிதில், வயல் ஓரங்களில் ஏணி சாத்திய மரக்கூண்டுகளைப் பார்த்துவிட்டு, இங்கேயும் ஆமிக்காரன் காவலுக்குச் சென்றி போட்டிருக்கிறான் என்று நினைத்து அப்படியே நின்றிருக்கிறேன். அவை வேட்டைக்காரர்கள் ஏறி உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்கும் பரண்கள் என்று எனக்குச் சொன்னவள், விடுதிக்குச் சாப்பாட்டுப் பொதிகள் கொண்டுவரும் வான் வண்டியை ஓட்டிய பெண்.

அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பொதிகளை இறக்கும்போது நான் கை கொடுப்பேன். அவள் எனக்கு ஜேர்மன் சொற்களைத் திருத்துவாள். அவள் பேசியதெல்லாம் ஜேர்மனில்தான். ஆனாலும் இன்று நினைத்துப் பார்த்தால் அவள் எங்கள் தமிழில் பேசியது போலவே காதில் கேட்கிறது.

ஒரு நாள் வானின் பின்பக்கம், உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கு மேலே, துணி சுற்றிய நீளமான ஒன்றைக் கண்டேன். வில். ஜேர்மனியில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது என்றும், தான் சேர்ந்திருக்கும் வில்லாளர் சங்கம் காட்டுக்குள் வைக்கோல் கட்டுகளில் மிருகப் படங்களை ஒட்டி வைத்து எய்வதாகவும் சொன்னாள். கைவிடப்பட்ட ஒரு பரணையும் திருத்தி எடுத்திருந்தார்களாம். அதில் தனியே ஏறக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அவளோடு ஏறுகிற தோழி பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள்.

"நீர் வாறீரோ? எய்யத் தேவையில்லை. கூட ஏறினால் போதும்."

என் கணவரிடம் சொன்னபோது இவர் தலையில் கை வைத்தார். "மரத்திலை இருந்து விழுந்தால் டொக்டரிட்டைப் போறதுக்கும் சோசியல் உதவிக் கந்தோரிலை கடுதாசி எடுக்க வேணும். தெரியும்தானே?"

"தெரியும். விழாமல் வாறன்," என்றேன்.

பரண் ஒரு பெரிய காட்டு மரத்தில் இருந்தது. ஏணியில் கால் வைக்குமுன் அவள் என் இடுப்பில் ஒரு தோல்பட்டியைக் கட்டினாள். மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள் கட்டுவது போன்றது. வில்லையும் அம்புக்கூட்டையும் தோளில் மாட்டிக்கொண்டு ஏறப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பரணிலிருந்து தொங்கிய கயிற்றின் நுனியில் இரண்டையும் கட்டித் தரையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு ஏறினாள். மேலே போனதும் என் பட்டியை மரத்தோடு பிணைத்து, தன்னுடையதையும் பிணைத்த பிறகுதான் கயிற்றைத் தொட்டாள். அம்பு முனைகளுக்குத் தடித்த தோலில் ஒரு மூடி இருந்தது. வில் மாட்டும் கொளுக்கியில் சத்தம் வராதபடி பழைய காலுறைத் துணி சுற்றியிருந்தது. அம்புக்கூட்டைத் தொங்கவிடும் ஆணியை, திரும்பிப் பாராமலே வலக்கை போய்ச் சேரும் இடத்தில் அறைந்திருந்தாள். சட்டைப்பைகளுக்கெல்லாம் பொத்தான் போட்டிருந்தாள். நான் அதற்குமுன் அப்படி ஒரு ஒழுங்கைப் பூசைக்கு அடுக்கிய கோயில் பீடத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அந்தக் கோடை முழுவதும் போனேன். கயிறு இழுக்கிற வேலை என்னுடையதாயிற்று.

செப்டெம்பரில் சங்கத்துக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். பரணிலிருந்து காட்டுப்பன்றிப் படத்துக்கு மூன்று அம்பு எய்ய வேண்டும். ஏறிய பிறகு முடியும்வரை இறங்கக் கூடாது. நடுவராக ஒரு தச்சுவேலைக்காரர் கீழே நின்றார். நாங்கள் ஏறினோம், பட்டிகளைப் பிணைத்தோம். நான் கயிற்றை இழுத்தேன். வில் வந்தது. அம்புக்கூடு வரும் வழியில் அதன் மூடியின் வார் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது. காற்றும் அடித்தது. மூடி கழன்று தொங்க, கூடு பரணின் விளிம்புக்கு வந்து ஒரு பக்கமாகச் சரிந்தது. அம்புகள் வழுக்கி வெளியே வந்தன.

என் கை தானாகவே போயிற்று. ஒரு காலும் விளிம்பைத் தாண்டிவிட்டது. பட்டி இருந்தது உண்மைதான். ஆனால் அதன் கயிறு இறுகுமுன்னே நான் தலைகீழாகத் தொங்கியிருப்பேன், எனக்கு நேர் கீழே அந்த முனைகள் இருந்திருக்கும்.

"விடும்! விழட்டும்!"

அவள் இடக்கையால் என் பட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவளுடைய கை எனக்கும் பரணின் மரச்சட்டத்துக்கும் நடுவில் அகப்பட்டது. இரண்டு அம்புகள் கீழே போய் இலைச்சருகுக்குள் குத்தி நின்றன. ஒன்று மட்டும் கூட்டுக்குள் தங்கிவிட்டது.

"இரும். மூச்சு விடும்," என்றாள். பிறகு கீழே குனிந்து, "நான் சொல்லுமட்டும் ஒருவரும் மரத்தடிக்கு வர வேண்டாம்!" என்று நடுவரைப் பார்த்துக் கத்தினாள்.

நான் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவளோ மிஞ்சிய அம்பை எடுத்து, காதருகே வைத்து மெல்ல வளைத்துக் கேட்டாள். உள்ளே வெடிப்பு இருந்தால் முறுகும் சத்தம் கேட்குமாம். பிறகு நாணில் வைத்தாள். எப்போதையும்விடச் சற்றுக் கூடுதல் நேரம் நின்றாள். உதடு மட்டும் கொஞ்சம் இறுகியிருந்தது. அம்பு போய்ப் பன்றியின் முன்னங்காலுக்கு மேலே, நெஞ்சில் தைத்தது.

இறங்கும்போதும் அதே ஒழுங்குதான். முதலில் அம்புக்கூடு, பிறகு வில், பிறகு நான், கடைசியில் அவள். கீழே விழுந்த அம்புகளில் ஒன்று பாதி வெடித்திருந்தது. அதைக் காலடியில் வைத்து மிதித்து இரண்டாக முறித்தாள். "வேறை ஆரும் தெரியாமல் எடுத்து எய்தால் கையிலை ஏறிவிடும்," என்றாள்.

நடுவருக்கு மனம் கேட்கவில்லை. "ஒரு ஆளைக் காப்பாத்தப் போய் நடந்தது. வேறை அம்பு எடுத்து இன்னும் இரண்டு எய்யும்," என்றார்.

"வேண்டாம். விழுந்தது விழுந்ததுதான்," என்று சிரித்துவிட்டாள். அன்றைக்குக் கடைசிக்கு முந்தின இடம்தான் அவளுக்கு.

அடுத்த கிழமை வான் வந்தபோது வேறொருவர் ஓட்டி வந்தார். அவள் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கினாள். இடக்கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. எலும்பில் கீறல் என்றாள்.

"இந்தக் கையாலையோ வில்லைப் பிடிச்சனீர்? ஏன் அப்பவே சொல்லேல்லை?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் ஏதோ சாதாரணமான கேள்விக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். "சொல்லியிருந்தால் இறங்கேக்கை நீர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பீர். ஏணிப்படியைப் பார்த்திருக்க மாட்டீர்."

இதை நான் இவருக்குச் சொன்னேன். அவளுடைய மாவுக்கட்டு வெட்டும்வரை, வான் வரும் சத்தம் கேட்டால் கீழே ஓடிப்போய் எல்லாப் பொதிகளையும் அவரே இறக்கினார். விடுதிப் பொறுப்பாளர் ஒரு தடவை, வேலை அனுமதி இல்லாமல் இப்படிச் செய்யலாமோ என்று கேட்டார்.

"இது வேலை இல்லை," என்று தன் அரைகுறை ஜேர்மனில் சொன்னார் இவர். "இது எங்கட சாப்பாடு."



அடுத்த வசந்தத்தில் அவள் மறுபடியும் பரணில் ஏறினாள். நானும் ஏறினேன். கயிறு வரும் பாதையில் நின்ற அந்தக் கிளையை இவர்தான் முந்தின நாளே மரம் அரியும் வாளால் அறுத்துவிட்டிருந்தார். மூன்று அம்புகளும் ஒழுங்காக மேலே வந்து சேர்ந்தன. இரண்டு பன்றியில் தைத்தன. மூன்றாவது அதன் வாலுக்குப் பின்னால் வைக்கோலில் போய்ச் செருகியது. அவள் வில்லைக் கொளுக்கியில் மாட்டிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, பரண் ஆடும் அளவுக்குச் சிரித்தாள்.